எனோஸ் நிஸ்லி மெருகேற்றிய தொட்டி

ஒரு பழைய சலவை இயந்திரத்தைக் காட்டினால் போதும், எனோஸ் நிஸ்லி அதன் பூர்வீகத்தையே சொல்லிவிடுவார். கால்கள் வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்பார். தொட்டியை விரல் முட்டியால் தட்டி, எனாமல் பூசிய இரும்பா, வார்த்த அலுமினியமா என்பார். கடைசியாக, மேலே துணி பிழிகிற இரண்டு ரப்பர் உருளைகளைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். பொத்தானும் ஜிப்பும் அழுந்திய பள்ளங்கள் இருந்தால் அது இங்கிலீஷ்காரர் வீட்டுச் சாமான். எங்கள் ஆமிஷ் சபையில் சேராத எல்லாருமே எங்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான். பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தால் அது நம்மவர் வீட்டு மெஷின். நம் பெண்கள் உடுப்பில் பொத்தான் வைப்பதில்லை, குண்டூசியால் குத்திக்கொள்கிறார்கள். திங்கள்கிழமை சலவை அவசரத்தில் ஒன்றிரண்டை உருவ மறந்து உருளைக்குள் விட்டுவிடுகிறார்கள். துளைகளை எண்ணியே அந்த வீட்டில் எத்தனை பெண்கள் என்று சொல்லிவிடுவேன் என்பார் எனோஸ். அது மட்டும் சுத்தப் புளுகு என்பார் அவர் மனைவி லவினா.

ஓஹையோவில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் மின்கம்பி வராது. அதனால் ஊர் உலகமெல்லாம் தூக்கியெறிந்துவிட்ட அந்தப் பிழிவு மெஷின்தான் இன்றைக்கும் எங்களுக்கு வேண்டும். கீழே பெட்ரோல் எஞ்சின் மாட்டி, காலால் உதைத்துக் கிளப்பினால் அது பாட்டுக்கு ஓடும். எனோஸ் ஏலம் ஏலமாகப் போய், கோழித்தீவனம் கொட்டி வைத்திருந்ததையும் பூச்செடி வைத்திருந்ததையும் வாங்கி வருவார். கியர்பெட்டியைத் திறந்து கூழாகிப்போன எண்ணெயை வழிப்பார். துணியைக் கலக்கும் துடுப்பு தண்டோடு இறுகிப் போயிருந்தால் கொதிநீர் ஊற்றி, மர ஆப்பு வைத்து, பொறுமையாக எழுப்புவார். இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் மனிதர் அதோடு நிறுத்த மாட்டார். ஓடுகிற மெஷினைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும், மினுக்கியாக வேண்டும். முரட்டு உப்புத்தாள், மெல்லிய உப்புத்தாள், மெருகுச் சக்கரம் என்று நாள் கணக்கில் தேய்ப்பார். எங்கள் சபையில் சலவை இயந்திரம் பளபளக்கலாமா கூடாதா என்று யாரும் கேட்டதில்லை. பெண்களுக்கும் அது பிடித்திருந்தது. லவினாவின் மெஷின் மட்டும் பத்து வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது, அதன் கீழே நிரந்தரமாக ஒரு தகரடப்பா.

"ஊருக்கெல்லாம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி செஞ்சு குடு, எனோஸ். எனக்கு டப்பா போதும்" என்பார் லவினா. எனோஸ் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கல்யாணமாகிப் போகிற ஒவ்வொரு மகளுக்கும் அவர் கையால் ஒரு மெஷின் என்பது வீட்டு வழக்கம். மூத்தவர்கள் மூவரும் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார்கள். கடைக்குட்டி சலோமாவுக்குத்தான் மலைக்கு அந்தப் பக்கத்து ஹார்வி கிங்கரிச் அமைந்தான். நல்ல பையன், உழைப்பாளி. ஆனால் அந்தப் பக்கத்துச் சபை எங்களைவிடக் கெடுபிடியானது. அங்கே குதிரை வண்டிக்கு முன்கண்ணாடி கிடையாது, அடுப்பில் நிக்கல் பட்டை இருந்தால் கறுப்புப் பூசிவிட வேண்டும். பளபளப்பு என்றாலே பெருமை, பெருமை என்றாலே பாவம். சலோமா அந்தச் சபையில் சேர்ந்துதான் ஹார்வியைக் கட்ட முடியும்.

"அப்பா, எனக்கு ஓடுனா போதும். மினுக்காதீங்க" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"சரி சரி" என்றார் எனோஸ்.

அவர் கெட்ட நேரமோ என்னவோ, அந்த வசந்தத்தில்தான் ஒரு பண்ணை ஏலத்தில் அந்தச் சதுரத் தொட்டி கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, வாசலில் பூச்செடி வளர்த்திருந்தான். ஏலத்துக்கு வந்தவர்கள் அதைப் பூந்தொட்டி என்றுதான் நினைத்தார்கள். எனோஸ் பேனாக்கத்தியால் ஓரத்தில் ஒரு கீறு கீறினார். உள்ளே கனத்த வார்ப்பு அலுமினியம். பிற்காலத்தில் வந்தது அல்ல, அதற்கு ரொம்ப முந்தியது, அதுவும் ஒரு விரிசல் இல்லாமல்.

பெயின்டை உரிக்கத்தான் வேண்டும், அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். உரித்த தழும்பு தெரிந்ததால் லேசாகத் தேய்த்தார். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் நடந்ததை அவரைத் தெரிந்த யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பட்டறையில் லவினா அந்தத் தொட்டியில் தன் குல்லாய் நாடாவைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

"இதையா அங்க அனுப்பப் போறே?"

"வெளுக்க வெளுக்க மங்கிடும், லவினா. அவங்க பாக்கறதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்."

இதை அவர் நம்பித்தான் சொன்னார். அந்தப் பக்கத்தில் பன்றிக்கொழுப்பும் சோடாக்காரமும் போட்டு வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுவார்கள். அந்தக் காரம் பட்டால் அலுமினியம் ஒரு மாதத்தில் கறுத்துப்போகும். இவ்வளவு தெரிந்த மனிதர், கொண்டுபோய் இறக்கிய அன்றைக்கு மகளிடம், "கொஞ்ச நாளைக்குக் கடைச் சோப்பு போடும்மா, வீட்டுச் சோப்பு பட்டா கறுத்துடும்" என்று சொல்லிவிட்டும் வந்தார். சலோமா போர்வையை விலக்கித் தொட்டியைப் பார்த்தாள். "சொன்னேன்லப்பா" என்றாள்.

கோடை முடிகிற சமயத்தில் சேணம் தைக்கும் ராய் கைம் ஒரு பழைய உருளையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சபைக் கூட்டத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது எல்லாச் சபைக்கும் பொது. ராய் கைமின் அக்கா மலைக்கு அந்தப் பக்கத்துச் சபையில் இருக்கும்வரை அது நடக்காது.

"உன் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டியா, எனோஸ்?"

"என்ன விஷயம்?"

"உனக்கு யாரும் சொல்லலியா? ஆராதனை முடிஞ்சதும் ஞானஸ்நானம் வாங்காதவங்கள வெளிய அனுப்பிட்டு மெஷின் பேச்ச எடுத்தாங்களாம். வந்து நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள இப்படியொரு பகட்டான்னு கேட்டிருக்காங்க. உன் மாப்பிள்ள வாயத் திறக்குறதுக்குள்ள இவ சொல்லிட்டாளாம்."

"என்னன்னு?"

"பளபளப்பா வேணும்னு ஆசப்பட்டது நான்தான், அது என் பெருமை, மன்னிச்சிடுங்கன்னு. உன் பேரையே எடுக்கல. இலையுதிர்காலத் திருவிருந்து ஆராதனைக்குள்ள மெஷின மங்க வைக்கணும், இல்ல வித்துடணும்னு சொல்லியிருக்காங்க." ராய் உருளையை மேசைமேல் வைத்தார். "இதுல ரப்பர் மாத்தணும். அவசரமில்ல."

வேண்டாம் என்று சொன்ன பெண், அவர் செய்த தப்புக்குப் புது ஊரில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்திருக்கிறாள். இனி அந்த ஊரில் அவள் கட்டுகிற ஏப்ரனின் மடிப்பைக்கூட உற்றுப் பார்ப்பார்கள். மெஷின் போனால் மாமியார் வீட்டு எட்டுப் பேர் துணியையும் பலகையில் தேய்க்க வேண்டியதுதான். அன்றைக்கு மத்தியானம் எனோஸ் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார், நூடுல்ஸும் கோழியும் ஆறிப்போயின.

"சாப்பிடு" என்றார் லவினா. "பட்டினி கிடந்தா தொட்டி மங்கிடுமா?"

"அவ ஏன் என் பேரச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போய் அங்க நின்னு என்ன கிழிச்சிருப்பே? போ. போய் உன் கையாலயே அதத் தேச்சுட்டு வா."

திங்கள்கிழமை காலை உப்புத்தாளும் எஃகு நாரும் எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டினார். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். மகளிடம் மன்னிப்புக் கேட்பது, ஹார்வியிடம் கேட்பது, வேண்டுமானால் அந்தச் சபை ஆயரையும் பார்த்து உண்மையைச் சொல்வது. மலை இறங்கும்போதே கிங்கரிச் வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது. களஞ்சிய உச்சி வரைக்கும் கால்சட்டைகள் பெரிசு சிறிசாக வரிசையில் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து வீடுகளிலேயே முதலில் கொடி நிரம்பியது அதுதான். பெருமையோடு தலை நிமிர்ந்து பார்த்தவர், அந்தப் பெருமைக்காக உடனே குனிந்துகொண்டார்.

சலவைக் கொட்டகைக்குள் எஞ்சின் படபடத்துக்கொண்டிருந்தது. சலோமா உருளைக்குள் ஒரு சட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தினாள்.

"வாங்கப்பா. அம்மா எப்படி இருக்காங்க? டப்பா மாத்தியாச்சா?"

எனோஸ் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கொடுத்தபோது இருந்ததைவிட அது பளபளத்தது.

பக்கத்துப் பலகையில் பழுப்பு நிறத்தில் வீட்டுச் சோப்புக் கட்டி, பாதி கரைந்தது. எல்லார் வீட்டிலும் போலத்தான் இவளும் துவைக்கிறாள். அப்படியானால் தொட்டியின் விளிம்பிலிருந்து கறுத்த தாரைகள் வழிந்திருக்க வேண்டும், மூலைகள் சாம்பல் பூத்திருக்க வேண்டும். ஒன்றையும் காணோம். ஆணியில் ஒரு மெத்தென்ற துணி தொங்கியது, அதன் கீழே வினிகர் பாட்டில். சொட்டுச் சொட்டாகத் துடைத்து, வாராவாரம் தேய்த்து வைத்தால்தான் அலுமினியம் இப்படி இருக்கும். உருளையைத் தடவியே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிற மனிதருக்குத் தன் மகளின் தொட்டியைப் படிக்க இவ்வளவு நேரம் பிடித்தது.

இருந்தாலும் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிப் பார்த்தார். "என் தப்ப எதுக்கும்மா உன் தலைல போட்டுக்கிட்டே? நீ வேணாம்னுதானே சொன்னே."

"வாயாலதான்பா சொன்னேன்" என்றாள் சலோமா. "நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

எனோஸ் எஃகு நாரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க நான் பொய் சொல்லலப்பா. உங்களக் காப்பாத்தவும் சொல்லல. இந்த வீட்ல உள்ளங்கை அளவுக்குத்தான் கண்ணாடி இருக்கு. துவைக்கறப்போ என் மூஞ்சிய இதுல பாத்துக்கிட்டே இருப்பேன். என் மாமியார் பாக்கணும், பக்கத்து வீட்டுக்காரிங்க பாக்கணும்னும் இருந்துச்சு. எங்கப்பா செஞ்சதுன்னு." அவள் ஆணியிலிருந்த துணியை எடுத்து மடித்தாள். "திருவிருந்து வரைக்கும் நாள் இருக்கேன்னு ஒவ்வொரு திங்களும் தள்ளிப் போட்டேன். இந்த வாரத்தோட கடைசின்னு சொல்லிச் சொல்லியே துடைச்சேன்."

"இன்னும் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டுவிட்டார் எனோஸ். கேட்ட பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

சலோமா சிரித்தாள். "உங்களக் கூட்டிட்டுப் போய் எங்க சபை முன்னால உக்கார வெச்சாதான் சரிப்படும். நாரக் குடுங்க."

தண்ணீரை வடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தேய்த்தார்கள். மெருகேற்ற அவருக்கு மூன்று வாரம் ஆனது, கெடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. கடைசியில் சோப்பைக் கொதிநீரில் கரைத்து நான்கு பக்கமும் மொண்டு ஊற்றினாள். தொட்டி கண்ணெதிரே மழைக்கால மேகம்போல் கறுத்தது. எனோஸ் குனிந்து பார்த்தார், முகம் தெரியவில்லை. எஞ்சினை உதைத்தார், பழையபடியே ஓடியது.

வீடு திரும்பும்போது அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு வேலையும் போயிற்று. மகள் மேல் வந்த பெயர் தேய்ந்து போக இன்னும் எத்தனை வருஷமாகுமோ. ஆனால் வண்டி மலையேறும்போது அவருக்குள் பொங்கியது சந்தோஷம்தான். நான்கு பெண்களில் ஒருத்தியாவது தன்னைப்போல இருக்கிறாளே என்ற சந்தோஷம். அதற்கு எந்தச் சபையில் போய் மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்க விருப்பமும் இல்லை.