வாரன்டி புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க வைத்தவள்

வீட்டில் அவளுக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர். எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் புள்ளியைப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள் என்று அவளுடைய அண்ணன் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் அது. அண்ணன் கார் டிரைவர். ஒரு போர்டைப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொண்டு வண்டியைத் திருப்புகிற ரகம். ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள் என்று அவர்களுடைய அம்மாவே வியந்ததுண்டு.

தங்கை இருபத்திரண்டு வருஷமாக ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறாள். கதைப் புத்தகம், கவிதைப் புத்தகம் எல்லாம் இல்லை. மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, நாமெல்லாம் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடுகிற துண்டுச்சீட்டு, அதுதான் அவள் வேலை. அதில் ஒரு புள்ளி இடம் மாறினால் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த அச்சகத்தில் இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். கமா வந்தால் கமா என்று சொல்வார், புள்ளி வந்தால் புள்ளி என்று சொல்வார். எதிரில் இருப்பவர் அச்சான தாளில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். படிப்பவர் எதையும் தாண்டக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. ஸ்கேல் நின்றால் வாயும் நிற்க வேண்டும்.

அவளுடைய கல்யாணப் பதிவின்போதும் இதே கதைதான். பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளையையும் சாட்சிகளையும் நிற்க வைத்துவிட்டுப் பதிவேட்டின் அந்தப் பக்கம் முழுவதையும் படித்தாள். அண்ணனுக்கு மானம் போனது. “என்னம்மா, கையெழுத்துப் போடேன், மாப்பிள்ளை மனசு மாறிடப் போறார்” என்று காதருகே கடிந்துகொண்டார். மாப்பிள்ளையோ, “நல்லாப் படிக்கட்டும் மச்சான், நானும் தெரிஞ்சுக்கிறேன்” என்று சிரித்தார். அன்றிலிருந்து டிரைவருக்குத் தங்கையின் வேலை ஒரு கேலிப் பொருள்தான். வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்து புள்ளி எண்ணுவதற்குச் சம்பளமா என்பார்.

அந்தக் கேலி நின்றது ஒரு காரால்.

டிரைவர் பத்தொன்பது வருஷம் பிறத்தியார் வண்டி ஓட்டிவிட்டுப் போன வருஷம்தான் சொந்தமாகப் புது வண்டி வாங்கினார். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகவேண்டிய நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை. ஆறு பேர் இவரை நம்பி இருந்தார்கள். இவர் வீடு அந்த ஆறு பேரை நம்பி இருந்தது. பதினான்காவது மாதம் ஒரு திருப்பத்தில் வண்டியின் கியர் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது. வண்டியை வாங்கிய ஷோரூமுக்கே கட்டி இழுத்துப் போனார்கள்.

மூன்று வாரம் வண்டி அங்கேயே கிடந்தது. கடைசியில் சர்வீஸ் மேனேஜர் சொன்ன பதில் இதுதான்: “வெளியில ஆயில் மாத்தியிருக்கீங்க சார். அதனால வாரன்டி செல்லாது. ஆனா நல்லெண்ணத்துல பாதிச் செலவை நாங்க ஏத்துக்கறோம். இந்தப் பேப்பர்ல நீங்களும் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

பாதிச் செலவுக்கே கடன் வாங்கினால்தான் உண்டு. ஆனாலும் டிரைவர் அந்தத் தாளைக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் ஒரு பெண் விற்பனைப் பத்திரத்தில் பென்சிலால் ஒன்பது இடத்தில் பெருக்கல் குறி போட்டு, “இங்க, இங்க, இங்க” என்று பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, “சொந்த உபயோகமா, வாடகைக்கா?” என்று கேட்டாள். வாடகை என்று சொன்னால் வாரன்டியே கிடையாது என்று டிரைவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். “சொந்த உபயோகம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஷோரூம் பக்கம் போகவே பயம். போனால் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிடுவார்களே! அதனால்தான் ஆயிலைத் தெருமுனை மெக்கானிக்கிடம் மாற்றினார். வண்டி நின்ற அன்றும் முதலில் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் இழுத்துப் போக விட்டார். வாரன்டி போய்விடுமோ என்று பயந்து வாரன்டி போகிற காரியத்தைச் செய்துவைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய டாக்ஸி ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான்.

இப்போது சாட்சி வேண்டும். மனைவி ஊருக்குப் போயிருந்தாள். தங்கை வீடு பக்கத்தில்.

“ஒரு கையெழுத்துப் போடும்மா. ரெண்டு நிமிஷம்” என்றார்.

தங்கை அடுப்பை அணைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். டிரைவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள்: “கடைசிக்கு முந்தின வரியைப் பார்த்தியா? ‘இதன்பின் இவ்வாகனம் தொடர்பாக எக்கோரிக்கையும் வைக்கமாட்டேன்.’ நாளைக்கு இன்ஜினே கழண்டு விழுந்தாலும் நீ வாயைத் திறக்க முடியாது அண்ணா.”

“அதான் வாரன்டியே செல்லாதுங்கறாங்களே.”

“யார் சொன்னது?”

“மேனேஜர்.”

“மேனேஜர் சொன்னாரா, புத்தகம் சொல்லுச்சா? வாரன்டி புத்தகம் எங்க?”

அது வண்டிக்குள்ளேயே கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் அரை நாள் லீவு போட்டாள். கைப்பையில் ஸ்கேலைப் போட்டுக்கொண்டாள். டிரைவரின் கவலை வேறு. இவள் ஏதாவது தோண்டப் போய் அந்தப் பழைய பொய் வெளியே வந்தால் பாதியும் போய்விடும். வழியெல்லாம், “நமக்கு வேண்டியதை மட்டும் பார்த்துட்டு வந்துடலாம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தாள்.

மேனேஜரின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே புது வண்டிகள் பளபளவென்று நின்றன. அறைக்குள் புது டயர் வாசனை. மேனேஜர் மோசமான மனிதர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், நாற்காலி காட்டினார். வண்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லிய புத்தகத்தின் உறையை அவரே கிழித்தார்.

“எந்தப் பக்கம்மா பார்க்கணும்?”

“முதல் பக்கத்துலேர்ந்து. நீங்க படிங்க சார். நான் அண்ணன் கையெழுத்துப் போட்ட விற்பனைப் பத்திரத்தைப் பார்த்துக்கிட்டே வர்றேன். அதுலயும் இதே நிபந்தனைங்கதானே அச்சடிச்சிருக்கு? ரெண்டும் ஒத்துப் போகுதான்னு தெரியணும் இல்லையா?”

“முழுக்கவா?”

“எங்க அச்சகத்துல அப்படித்தான்.”

கேட்ட தோரணையில் அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. மருந்துச்சீட்டு படிக்கிறவளின் சாதாரணக் குரல். ஏன் என்றே தெரியாமல் மேனேஜர் படிக்க ஆரம்பித்தார். நாலு வரி ஓடினார். ஸ்கேல் நின்றது. “மெதுவா சார், நான் இன்னும் அங்க வரலை.” அவர் திரும்ப வந்தார். பேட்டரி, டயர், கண்ணாடி, பெயின்ட் எல்லாம் வந்து போயின. கியர் பெட்டிக்கு முப்பத்தாறு மாதம் என்று வந்தது. டிரைவர் மூச்சை விட்டார். அடுத்த வரி அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“வாகனம் வாடகைப் பயன்பாட்டில் இருப்பின்… இது உங்களுக்கு இல்லைம்மா. சார் சொந்த உபயோகம்னுதான் போட்டிருக்கார்” என்று மேனேஜர் பக்கத்தைத் திருப்பப் போனார்.

“எதையும் தாண்ட வேண்டாம் சார்.”

டிரைவர் மேஜை ஓரத்தில் அவள் முழங்கையை அழுத்தினார். “விடும்மா. அதான் நமக்கில்லைங்கறாரே.”

ஸ்கேல் நின்றுவிட்டது. தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் உடைந்த டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றபோது பார்த்த அதே பார்வை.

“நமக்கில்லையா அண்ணா?”

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூலமே தப்பா இருந்தா நான் ஒத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? இதுக்கு மேல என்னால பார்க்க முடியாது” என்றாள். கோபமே இல்லை. ஸ்கேலை எடுத்துக் கைப்பைக்கு மேல் வைத்துவிட்டாள்.

டிரைவருக்கு ஆறு நோயாளிகளின் முகம் கண்ணில் வந்தது. வீடு வந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவர் சொல்கிற வரைக்கும் காத்திருப்பாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

“வாடகைக்குத்தான் சார் ஓட்டறேன். வாங்கின ஒரு வாரத்துலேர்ந்து. வாரன்டி போயிடும்னு பயந்து பொய் சொல்லிட்டேன். இங்க வந்தா தெரிஞ்சிடுமேன்னுதான் ஆயிலையும் வெளியில மாத்தினேன்.”

மேனேஜர் பேனாவை மூடினார். “அப்படின்னா பேச்சே இல்லை சார். பாதியும் குடுக்க முடியாது” என்று புத்தகத்தையும் மூடப் போனார்.

மூட முடியவில்லை. அதற்குள் தங்கை நடுவில் ஸ்கேலை வைத்திருந்தாள்.

“வாக்கியம் இன்னும் முடியலை சார். ‘இருப்பின்’ல நிக்கறீங்க. படிங்க.”

மேனேஜர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு படித்தார். “இருப்பின், கமா, வாரன்டிக் காலம் ஒப்படைத்த நாளிலிருந்து பதினெட்டு மாதங்கள், புள்ளி. பயன்பாட்டு மாற்றத்தை வாடிக்கையாளர் தெரிவிக்க வேண்டும், புள்ளி. தெரிவிக்காதது ஒன்றே வாரன்டியை மறுக்கக் காரணமாகாது, புள்ளி.”

அவரையும் அறியாமல் கமாவும் புள்ளியும் சொல்ல ஆரம்பித்திருந்தார். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்காமலே இன்னொரு முறை படித்தார்.

“பதினாலு மாசம்தான் ஆகுது” என்றாள் தங்கை. “அடுத்தது?”

அடுத்தது வெளி சர்வீஸ். இந்த முறை மேனேஜர் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்துப் படித்தார். வெளியில் செய்த வேலைதான் பழுதுக்குக் காரணம் என்றால் அதை விற்பனையாளர் எழுத்தில் காட்ட வேண்டும், காட்டாமல் மறுக்கக் கூடாது என்றிருந்தது. பணிமனையிலிருந்து கியர் பெட்டியைக் கழற்றிய மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று சொன்னார்: “கியர் பாக்ஸை வெளியில யாரும் தொடலை சார். சீல் அப்படியே இருந்துச்சு. உள்ள பேரிங் உடைஞ்சிருக்கு. அவங்க மாத்தினது இன்ஜின் ஆயில்தானே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

மேனேஜர் அந்த நல்லெண்ணத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புதுத் தாளில் முழுச் செலவும் வாரன்டியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியின் பயன்பாட்டை வாடகை என்று மாற்றி அதிலும் டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். சனிக்கிழமை வண்டி தயாராகும் என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பதினோரு வருஷமா இந்தச் சீட்டுல இருக்கேன்ம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னதைத்தான் நானும் எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க இந்தப் புத்தகத்தை முன்னாடியே எங்கயாவது படிச்சிருக்கீங்களா?”

“இல்லையே சார். நீங்க படிச்சப்பதான் நானும் கேட்டேன்.”

டிரைவர் அதைக் கேட்டதும் அசந்துபோனார். இவ்வளவு நேரம் அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்துதான் மேனேஜரை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தார். ஒன்றுமே தெரியாமலா தன்னை உண்மை சொல்ல வைத்தாள்? கூலிக்குப் புள்ளி எண்ணுகிறவள் என்று இத்தனை வருஷம் தான் கேலி செய்த தங்கையை அவர் இப்போது முதல் முறையாக நிமிர்ந்து பார்ப்பதுபோலப் பார்த்தார். சின்ன உடம்பு, மை ஒட்டிய விரல்கள், தேய்ந்த செருப்பு. இவளுக்குள் இவ்வளவு தைரியம் எங்கே இருந்தது என்று அவருக்குப் பிரமிப்பாக இருந்தது. மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டே மலையைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று தோன்றியது.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, அடுத்த வரி நமக்கு எதிரா இருந்திருந்தா? பாதியும் போயிருக்குமே.”

“இருந்திருந்தா அதையும்தான் படிச்சிருக்கணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரெண்டு பேருமா உக்காந்து அழுதிருக்கலாம்” என்றாள் அவள், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே. “இத்தனை மாசமா நீ ஒத்தையில பயந்துட்டு இருந்தியே, அதுக்கு அது பரவாயில்லை.”

பஸ் வந்தும் டிரைவரால் உடனே ஏற முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.