தேன் சொட்டும் என் எழுத்துரு

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் இன்று ஒரு தேன் கடை பேனர். நான் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்ட எழுத்துரு!

ஆனால் ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் தேன் சொட்டியது. அந்தச் சொட்டு என்னுடையதல்ல. பொறாமையாக இருந்தது.

பேனர் ஓரத்தில் அதை அச்சடித்த கடையின் முகவரி இருந்தது. மலையிறங்கி சந்தவாசல் போய்விட்டேன்.

"அண்ணே, இந்த ஃபான்ட் ஃபைல் எனக்குக் கிடைக்குமா?"

"இன்னா சார், ஃபைலையே கேக்குறீங்க? ஒவ்வொரு சொட்டும் நான் வரைஞ்சது. காப்பிரைட்டு!"

"எழுத்து நான் வரைஞ்சதுங்க."

"அதான் ஃப்ரீயா வுட்டுட்டீங்களே."

இதற்கெல்லாம் எழுத்துருவோடு நான் இணைத்த உரிமத்தில் வழி இருக்குமே என்று அங்கேயே நின்று கைபேசியில் படித்தேன். மாற்றிய கோப்பை வெளியே கொடுத்தால்தான் அதையும் இலவசமாகத் தர வேண்டுமாம். அவர் விற்பது பேனர் மட்டும். கோப்பை யாருக்கும் கொடுப்பதில்லை.

நான் தேர்ந்தெடுத்த உரிமம். அவர் பக்கம் நிற்கிறது.

"மனசு கஷ்டப்படாதீங்க சார். உங்க பேர்லயே தேன் சொட்ட ஒரு பேனர் அடிச்சுத் தர்றேன். எழுத்து உங்களுதாச்சே, பாதி வெல."

அளவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெயருக்குக் கீழே என்ன பட்டம் போடலாம், சொல்லுங்கள். 'வள்ளல்' மட்டும் வேண்டாம். அதை அவரே சொல்லிவிட்டார்.