கண்ணாடிதான் வெந்து போச்சு

சென்ற வியாழக்கிழமை காலை, ராஜபாளையத்தில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மைமூன் அக்காவின் மகள் போனில் அழைத்தாள். "ராஜி அக்கா, அம்மா போயிட்டாக" என்றாள். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருடம் நானும் அக்காவும் ஒரே கவுண்டரில் இருந்தோம். அவரிடம் கண்ணாடி வாங்கியவர்களுக்கு அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். மில்லிலிருந்து வருகிறவர்கள் பஞ்சுத்தூசியோடு கண்ணாடியைச் சட்டையில் துடைத்தால், "தண்ணியில காட்டிட்டுத் தொடைங்கண்ணே, லென்ஸ் மேல இருக்குற கோட்டிங் கீறிரும்" என்பார். யாரும் பார்க்காதபோது தன் கண்ணாடியை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொள்வார். நான் பார்த்துவிட்டால் சிரிப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் முருகையா அண்ணாச்சி ஒருநாள் வந்தார். "கண்ணு மங்கிட்டு தாயி. பால் பதம் வாரது தெரியல. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் பார்வை போச்சு. தையோட அடுப்ப விட்டுறலாம்னு இருக்கேன்" என்றார்.

அக்கா அவருடைய கண்ணாடியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். லென்ஸ் முழுக்க மயிரிழை போல வெடிப்புகள். அதே பவரில் வேறு லென்ஸைப் போட்டுவிட்டு, சுவரிலிருந்த நாள்காட்டியை வாசிக்கச் சொன்னார். அண்ணாச்சி ராகுகாலம், எமகண்டம் என்று தொடங்கி அடியிலிருந்த பொடி எழுத்துவரை வாசித்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கண்ணாடிதான் வெந்து போச்சு. அடுப்புச் சூட்ட இந்தக் கோட்டிங் தாங்காது."

முன்பு அவர் கண்ணாடி வாங்க வந்தபோது, கண் கூசாது என்று அந்தக் கோட்டிங்கைப் போடச் சொன்னவள் நான். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவே இல்லை. தலை குனிந்து நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "தப்பு எங்க மேலதான். நீங்க எங்க நிக்கியன்னு நாங்க கேக்கல" என்றார். கோட்டிங் இல்லாத லென்ஸை அன்றே மாட்டிக் கொடுத்தார்.

அடுத்த விடுமுறையில் என்னை பஸ்ஸில் கூட்டிப்போய் அண்ணாச்சியின் அடுப்பின் முன் நிறுத்தினார். "செத்த நேரம் நில்லு." என் கண்ணாடியின் பிரேம் மூக்கைச் சுட்டது. திரும்பி வரும்போது, "என்னைய ஏன்க்கா காட்டிக்குடுக்கல?" என்று கேட்டேன்.

"ஒன்னைய மட்டும் சொன்னா நீ அழுதுட்டு மறந்துருவ. ரெண்டு பேரு தப்புன்னா ரெண்டு பேரும் மறக்க மாட்டோம்."

அடக்கத்துக்கு முருகையா அண்ணாச்சியும் வந்திருந்தார். இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறாராம்.

மைமூன் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: லென்ஸைப் பற்றிப் பேசுமுன், வந்தவர் எதன் முன்னே நிற்கிறவர் என்று கேட்கிறேன். யார் தவறினாலும், "நாங்கள்" என்கிறேன்.