ஓர் அவுன்ஸுக்கு இரண்டு புட்டிகள்

மதுவிலக்குக் காலத்தில் திருச்சியில் ஒருவர் முறைப்படி குடிக்க வேண்டுமென்றால் முதலில் நோயாளியாக வேண்டும். விஸ்கி இல்லாவிட்டால் இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பர்மிட். மன்னார்புரத்திலிருந்த என் பழைய மேலதிகாரிக்குப் பல வருஷங்களாக அப்படி எழுதிக் கொடுத்துவந்த டாக்டர், அவர் ரிட்டயரான கையோடு, விஸ்கி இருந்தால் உடம்பு தாங்காது என்று எழுதிவிட்டார். கெஞ்சிப் பார்த்ததில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. கடைசியாக ஓர் அவுன்ஸ். அதோடு சரி.

அவரிடமோ இரண்டு புட்டிகள் இருந்தன. ரயில்வேயில் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போனவை. இரண்டுமே ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் கிடந்த சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். ஒன்று பன்னிரண்டு வருஷத்தது, மற்றது இருபத்தைந்து. வயதில் பெரியதை ரிட்டயராகிற அன்றைக்குத் திற என்று சொல்லிப் போனாராம். பீரோவில் காத்திருந்த காலத்தில் லேபிள் இரண்டையும் ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஆள் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அலுத்துவிட்டது. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே அலுப்புதான். ஆனால் என்னைக் கூப்பிட்டதில் தப்பு என்னுடையது. ஆபீஸில் டிபன் வேளைகளில், எங்கோ படித்த இங்கிலீஷ் புத்தகத்தை நம்பி, ஷெர்ரி பீப்பாயின் மகிமையை வருஷக்கணக்கில் பிரசங்கம் செய்தவன் நான்.

"நான் குடிச்சதே இல்லையே சார். பர்மிட்டும் கிடையாது" என்றேன்.

"அதான் ஐயங்காரே உங்களைக் கூப்பிட்டேன். என் நாக்கு வெந்த நாக்கு. உங்களுது புதுசு. எது பெருசுன்னு மட்டும் சொல்லுங்க, அதுல என் அவுன்ஸைக் குடிச்சுக்கறேன்."

"நீங்களே மோந்து பாக்கலாமே?"

"மோந்துட்டு ஒரு அவுன்ஸோட நிப்பேனா?"

"நிக்க மாட்டார்" என்றார் அவர் மனைவி. கையில் மருந்து அளக்கும் கண்ணாடியோடு கதவருகே நின்றிருந்தார்.

இரண்டு தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்கள். ஒன்று தேன் நிறம், மற்றது கருப்பட்டிப் பாகு. எங்கள் வீட்டில் எதையும் எப்படிக் குடிப்போமோ அப்படியே குடித்தேன். தம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து தொண்டைக்குள் விட்டுக்கொண்டேன். எச்சில் ஆகக்கூடாதே. அத்தனை உயரத்திலிருந்து விழுந்ததில் மூக்குக்கும் நாக்குக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. முதலாவது எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது.

"அது என்னங்க, கோயில் தீர்த்தமா?" என்றார் அவர்.

எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது. பீப்பாயில் கிடக்கக் கிடக்க நிறம் ஏறும் என்று படித்தது ஞாபகம் வந்தது.

"கறுப்புதான் சார் பெருசு."

அம்மாள் அதில் ஓர் அவுன்ஸ் அளந்து கொடுத்தார். அவர் அதைக் கால் மணி நேரம் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆனால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

தேன் நிறத்ததில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையைத் தூக்கி அண்ணாக்கத் தெம்பில்லை. உதட்டிலேயே வைத்துவிட்டேன். உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் பழைய மரமுமாக ஒரு வாசனை மூக்கில் ஏறியது. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. கறுப்பின் மிச்சத்தையும் அப்படியே வாய் வைத்துப் பார்த்தேன். இனித்தது, உடனே தீர்ந்துபோயிற்று. புதிதாக ஷெர்ரி ஊறிய பீப்பாயானால் சின்ன வயதிலேயே கறுத்துவிடும் என்பது அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். நான் அதுவரை போகவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் வச்சுக் குடிச்சிட்டீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன் சார்."

அம்மாள் அளவுக் கண்ணாடியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். சார் இன்னும் ஒரு வாய் மிச்சமிருந்த என் தேன் நிறத் தம்ளரை வாங்கினார். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். பிறகு தம்ளரை என்னிடமே நீட்டினார்.

"நீங்க குடிங்க. மெதுவா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

குடித்தேன்.

"நல்லா இருக்கு சார்."

"அவ்வளவுதானா? ஆபீஸ்ல எவ்வளவு பேசுவீங்க."