மின்விசிறி இல்லாத ஊரில் ஒரு தேர்வு

அந்த அட்டை உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூலைகள் மழுங்கி, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உரிந்திருந்தது. கூரையிலிருந்து தொங்கும் மூன்று இறக்கை மின்விசிறி ஒன்றைக் கறுப்புக் கோட்டில் வரைந்திருந்தார்கள். குன்னூரை அடுத்த ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த குறைபாட்டுச் சான்றிதழ் முகாம் அது. சமவெளியிலிருந்து வந்திருந்த பரிசோதகர் இரண்டு ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டு நடுங்கியபடியே அதை என் நான்காம் வகுப்பு மாணவியிடம் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றார். அவள் யோசிக்கவே இல்லை. "எலிகாப்டரு" என்றாள். வெலிங்டன் பக்கம் ராணுவ ஹெலிகாப்டர் இறங்குவதை எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மின்விசிறியை எங்கே பார்ப்பார்கள்? வருஷம் முழுக்கக் கம்பளி தேவைப்படும் தொழிலாளர் லைன் வீடுகளில் அதை யார் மாட்டப்போகிறார்கள்? அவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மாட்டுவண்டிக்கு ஒன்று, பனைமரத்துக்கு ஒன்று என்று குறிகள் ஏறிக்கொண்டே போயின. பின்னால் உட்கார்ந்திருந்த நான், காட்டிய படங்களை வரிசை மாறாமல் என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொண்டேன். எதையும் அப்படி எழுதி வைப்பது என் பழக்கம்.

அவளை முகாமுக்கு அழைத்து வந்தவர் சிறப்பாசிரியர். ஊர் ஊராகப் பள்ளிகளைச் சுற்றுகிறவர். எங்களிடம் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் செவ்வாய்க்கிழமை டீச்சர். ஈரோட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நானும் மற்ற ஆசிரியர்களும் அந்தப் பெண்ணை 'மந்தம்' என்று ஓரமாக உட்கார வைத்திருந்தோம். நான்கு வருடமாகியும் அவளுக்கு 'க' எது, 'த' எது என்று நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு தட்டில் ராகி மாவைப் பரப்பி, விரலால் எழுத வைத்தார். சொற்களைக் கைதட்டித் துண்டு துண்டாகச் சொல்ல வைத்தார். பாடத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வியை வாயால் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். "ஏனுங்க சார், இவளுக்குப் புத்தியில ஒரு கொறையும் இல்லீங்க. எழுத்துதான் கண்ணு முன்னாடி நிக்க மாட்டேங்குது. ரெண்டும் வேற வேறயில்லீங்களா?" என்று கேட்டார். வேறு வேறு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதை விளக்கும் தடிமனான ஆங்கிலக் கையேடு ஒன்று முந்தின வருடமே பள்ளிக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோவில் வைத்தவன் நான்தான். கையில் கிடைக்கும் எதையும் படிக்கிற நான் அதை மட்டும் பிரிக்கவில்லை.

கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தருவார்கள், கூடுதல் நேரமும் உண்டு. அதற்காகத்தான் முகாமுக்குப் போனோம். வந்த சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை டீச்சர் விடவில்லை. மலைப்பிள்ளைகள் பார்த்தே இராத பொருள்களைக் காட்டி எப்படி அளப்பீர்கள் என்று மனுமேல் மனு எழுதினார். படங்களை மாற்ற அதிகாரமில்லை என்றுதான் முதலில் பதில் வந்தது. பல மாதம் கழித்து, மறுபடி ஒருமுறை பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்கள்.

அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. தினமும் பள்ளி விட்டதும் அவளை உட்கார வைத்து, என் குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொரு படமாகக் கரும்பலகையில் வரைந்து சொல்லிக்கொடுத்தேன். பிள்ளையைத் தேர்வுக்குத் தயார் செய்வதுதானே வாத்தியார் வேலை என்று நினைத்தேன்.

மறுபரிசோதனை நாளில் அவள் எண்ணெய் வைத்துப் படிய வாரி, சந்தோஷமாக வந்தாள். அதே பரிசோதகர், அதே பெட்டி. முதல் இரண்டு படங்களுக்குச் சரியாகச் சொன்னாள். மூன்றாவது அட்டையை அவர் எடுப்பதற்குள்ளேயே அதன் பெயரைச் சொன்னாள். நிறுத்தாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று பெட்டியில் இருந்த கடைசிப் படம் வரை சொல்லி முடித்தாள். அவர் பெட்டியை மூடினார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" அவள் பெருமையோடு திரும்பி என்னைக் காட்டினாள். "சார்." இனி இந்தப் பரிசோதனை செல்லாது, அடுத்த வருடம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் செவ்வாய்க்கிழமை டீச்சர் குரல் உயர்த்தாமல் சொன்னார்: "படம் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நின்னேனுங்க சார். இப்ப புள்ள தப்புன்னு ஆயிப்போச்சு. பீரோவுல இருக்குற அந்தக் கையேட்டுல முன்னாடியே போட்டிருக்குதே, பாக்கலீங்களா?" அன்று மாலை பீரோவைத் திறந்து பார்த்தேன். பரிசோதனைப் படங்களை முன்கூட்டிப் பழக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அடுத்த வருடம் முகாம் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டீச்சரைக் கூடலூர்ப் பக்கம் மாற்றினார்கள்; அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்தவளை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சான்றிதழைப் பார்த்துவிட்டு "இவளுக்கு இங்க வசதி இல்லைங்க" என்றார்கள். அவள் அம்மா அதை மடித்துத் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, அவளைக் கொழுந்து பறிக்கக் கூட்டிப்போனார். இன்று எங்கள் பள்ளிக்குப் போனால் சுவரெல்லாம் வண்ணப் பலகைகள்: கற்றல் குறைபாட்டின் அறிகுறிகள், பெற்றோருக்கான ஆலோசனைகள். எல்லாம் நல்ல தமிழில் இருக்கின்றன. சிறப்பாசிரியர் இடம் இன்னும் காலிதான்.

போன மாதம் அவள் என்னைத் தேடி வந்தாள். அம்மா இறந்தபின் தகரப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது அந்தக் காகிதம் கிடைத்ததாம்.

"அம்மா இதை என்கிட்டகூடக் காட்டல சார். என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

பெயர், தகப்பனார் பெயர், எஸ்டேட், அங்க அடையாளம் என்று வாசித்துவிட்டு, கடைசியில் இருந்த கையெழுத்துக்குத் தாவினேன். அவள் காகிதத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"இந்த வரிய வுட்டுட்டீங்க சார்."

வாசித்தேன். அவள் அந்த இரண்டு சொற்களைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இது நான் இல்லீங்களே சார். மாத்தறதுக்கு எங்க போகணும்?"

இதுவரை மூன்று அலுவலகங்களுக்கு அவளைக் கூட்டிப்போய்விட்டேன். முதல் பரிசோதனையின் விடைத்தாளைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். அதை எந்த அலுவலகம் வைத்திருக்கிறது என்று கேட்டால், ஒருவர் கையால் அடுத்த அறையைக் காட்டுகிறார்.