கொட்டிவாக்கத்தில் பிடித்த காற்று

1995 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்று கடலிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. கொட்டிவாக்கம் கடற்கரையில் எங்கள் பேராசிரியர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, துணிப்பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். உள்ளிருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு மூடி அனுப்பப்பட்ட குடுவைகள். நான் அவருடைய ஆய்வு உதவியாளன். காலையிலிருந்தே எனக்குப் பயம்.

வட ஐரோப்பாவின் ஓர் ஆய்வுக்கூடத்தோடு ஏழு நாடுகள் சேர்ந்து செய்த வேலை அது. அவரவர் கரையோரக் காற்றைப் பிடித்து அனுப்பினால், அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அங்கே அளப்பார்கள். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் வெளியே விடுவதும், மரமும் கடலும் திரும்ப வாங்கிக்கொள்வதும் ஒருநாள் சரிக்குச் சரியாக வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை. "மிச்சம் பூஜ்யம்னு வரணும், ஓய். அதுக்கு இப்போ எவ்வளவு இருக்குன்னு தெரியணுமோல்லியோ?" என்பார். இன்று தொலைக்காட்சியில் ஆளாளுக்கு அந்தப் பூஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று என் காதில் அதைப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

குடுவையைத் திறப்பவர் காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அவருடைய மூச்சு கொஞ்சம் கலந்தாலும் அளவு கெட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு குடுவைகள். இரண்டும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். எங்களுடையவை மூன்று மாதமாகக் காட்டவில்லை. இன்னொரு முறை பிசகினால் சென்னையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் நம் கரைக்கு உத்தேசமாக ஓர் எண்ணை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். யார் எதைக் கேட்டாலும் பேராசிரியரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மயிலாப்பூரில் அவரோடு காய்கறி வாங்கப் போனால் திரும்புவதற்குள் கீரை வாடிவிடும். நானே திறக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர் மூச்சை இழுத்து அடக்கி, முதல் குடுவையைத் தலைக்கு மேல் உயர்த்தித் திறந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சரியாக அப்போது வந்து சேர்ந்தார்.

"இன்னா நைனா, காலி பாட்டில்ல இன்னா புடிக்கிறே?"

பேராசிரியரின் தலை திரும்பியது. முன்பின் தெரியாதவரைத் தொட்டுப் பேசாத நான், அந்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"காத்துப்பா, காத்து!"

"காத்தா? எங்க எத்துனு போறீங்க?"

"ஃபாரினுக்கு."

"ஏன், அங்க காத்து இல்லியா?"

பேராசிரியரின் முதுகு குலுங்கியது. சிரிப்பு! எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. முகம் செக்கச் சிவந்து, குடுவையை மூடிவிட்டு, தள்ளிப் போய்த்தான் மூச்சு விட்டார். இரண்டாவதையும் அப்படியே பிடித்தார். பிறகு அந்த மீனவரிடம் போய் மணலில் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அளந்து முடித்திருப்பார்கள் என்று தெரிந்த பிறகு, கடிதம் வரட்டும் என்று இருக்க முடியாமல், பேராசிரியரை லஸ் முனையில் ஒரு தொலைபேசிக் கடைக்கு அழைத்துப் போனேன். காசு என்னுடையது. மறுமுனையில் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி பேசினார். இரண்டு குடுவைகளும் ஒரே அளவு, சென்னை நீடிக்கும். "நீங்களே கேளுங்கோ சார்" என்று ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

கேட்டார். கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த அம்மாள் "ஹலோ, ஹலோ" என்பது எனக்கே கேட்டது. சுவரில் கட்டணத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பேசுங்க சார், மீட்டர் ஓடுது!" என்றார் கடைக்காரர்.

"ஓடட்டும்" என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று இன்றும் ஆச்சரியம்தான்.

இருநூற்று எண்பத்து மூன்று ரூபாய் ஆயிற்று.