மயக்க டாக்டரின் கையெழுத்து

"நாளைக்கு வாங்க. முப்பது மணி நேரமா முழிச்சிருக்கேன்" என்று இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைத் திருப்பி அனுப்புகிறார் மயக்க டாக்டர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் என்பதால் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் மயக்க டாக்டர்தான். வந்தவரோ விடாக்கண்டர். "ஒரே ஒரு கையெழுத்துதான் மேடம்" என்கிறார். "அதுக்குத்தாங்க பயப்படறேன்" என்று சொல்லிக்கொண்டே, நின்றபடி நோயாளிகளின் தாள்களில் கையெழுத்தைப் போட்டுத் தள்ளுகிறார் டாக்டரம்மா.

அந்தத் தாள்களை வாங்கி அடுக்குவது என் வேலை. பதிவேட்டு அறையில் கிளார்க் நான். ஒரு நாளைக்கு அவர் போடும் கையெழுத்து நூறுக்குக் குறையாது. நர்சுகள் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்த இடத்துக்குக் கை தானாகப் போகும். இது ஏஜெண்டுகளுக்கும் நன்றாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்படித்தான் கவிழ்ந்தார். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே, சிரித்த முகத்தோடு ஒருவர் நீட்டிய இருபது வருடத் திட்டத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்து. பழக்கதோஷத்தில் கடைசித் தாளில் நேரத்தைக் குறித்து, "நோயாளிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது" என்றும் எழுதியிருந்தார். வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளத்தை அது விழுங்கியது. பாதியில் விட்டால் கட்டியதில் கால்வாசிகூடத் திரும்பாது. நகலைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு யாருமே விளக்கிச் சொல்லலையே" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, நஷ்டத்தோடு அதைத் தலைமுழுகினார்.

அவருடைய படிப்புக்காக வாங்கிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் வங்கியில் அடகு இருக்கிறது. அப்பா பேருந்து ஓட்டிக் கட்டிய இரண்டு அறை வீடு. கூடப் படித்தவர்கள் கார் மாற்றுகிறார்கள். இவரோ படிக்கும்போது இருந்த அதே ஒற்றை அறையில் இருக்கிறார். சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்குப் போகிறது. போனில் அம்மா அங்கலாய்ப்பார்: "டாக்டர்னு பேரு, செருப்பு தேஞ்சு கிடக்கு. நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரா வந்து பத்திரத்தை மீட்டுத் தரப்போறாங்க? இன்னும் பதினாலே மாசம்மா."

இந்தப் பிடிவாதம் சில நேரம் எனக்கே எரிச்சல். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட மறுநாளே பதிலுக்கு ஒன்று வாங்கித் தந்துவிடுவார்.

போன வாரம் தலைமை மருத்துவர் அவரைக் கூப்பிட்டார். கோப்புகளோடு நானும் உள்ளே நின்றேன். புது ஸ்கேன் சென்டரில் நான்கு டாக்டர்கள் பங்கு. மூன்று பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நான்காவது ஆள் இவர்.

"மெஷினுக்கு லோன் எடுக்கறோம், எல்லாரும் ஜாமீன். சும்மா ஒரு சம்பிரதாயம்மா. கடைசிப் பக்கத்துல மட்டும் போடு."

சென்டர் படுத்தால் இவர் சம்பளம் அந்தக் கடனுக்குப் போகும், வீட்டுப் பத்திரம் வங்கியிலேயே கிடக்கும். போடாவிட்டால்? இவருடைய வேலையை நிரந்தரமாக்குவது அதே தலைமை மருத்துவர்தான். 

"முழுசாப் படிக்கணும் சார்."

"நாற்பது பக்கம்மா!"

"பரவாயில்ல சார்."

அந்த அறையில் தலைமை மருத்துவர் சொல்லாமல் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மயக்க டாக்டர் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தார்.